உச்சமயக்கம்

ஒரு பழைய விதியை ரத்து செய்துவிட்டார்கள் என்று கேட்டு, ஆபீஸ் வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் என்னைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருந்த விதி. அது ஒழிந்ததற்கு நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அசதியாக இருந்தது. இன்றைக்கும் அசதியாகத்தான் இருக்கிறது.

நான் ஆஸ்பத்திரி நர்ஸ். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். கேரளாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின எருத்தேன்பதிப் பக்கம் எங்கள் வீடு. தென்னை, கொஞ்சம் நிலக்கடலை, இரண்டு மாடு. வீட்டில் பேசுவது கோயமுத்தூர்க்காரர்கள் பேசுகிற அதே தமிழ். பஸ் ஏறிவிட்டால் மலையாளம். சம்பளம், லீவு, மெமோ எல்லாம் மலையாளத்தில் வரும். வலி, வயிற்றுப்போக்கு, பிரசவத்து அலறல் எல்லாம் தமிழில் வரும். நோயாளி சொன்னதை டாக்டருக்கு மலையாளத்தில் சொல்லி, டாக்டர் சொன்னதை நோயாளிக்குத் தமிழில் திருப்பிச் சொல்லியே என் காலம் ஓடிவிட்டது. ஊரார் நோவையெல்லாம் பிழையில்லாமல் மாற்றிச் சொன்ன நாக்கு, என் சொந்த விஷயத்தில் காலை வாரிவிட்டது.

விஷயம் ஒரே ஒரு வார்த்தை. மயக்கம்.

நமக்கு மயக்கம் என்றால் கண் இருட்டி, காது அடைத்து, ஆள் சாய்ந்துவிடுவது. மலையாளத்தில் மயக்கம் என்றால் பெரும்பாலும் கண் அயர்வதுதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுவார்களே, அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் உச்சமயக்கம். உச்ச என்றால் மத்தியானம். இது எனக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். யாராவது நினைவு தப்பி விழுந்தால் 'போதம் கெட்டு வீணு' என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும், 'மயங்ஙி' என்று சொல்லக்கூடாது என்று புதிதாக வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். தெரிந்தேதான் மாட்டிக்கொண்டேன்.

அது பங்குனி மாதம். எங்கள் பக்கத்துப் பங்குனி வெயிலைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் புரியப்போவதில்லை, வந்து ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். எல்லைப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலைக்கு அன்றைக்கு நான் ஒருத்தி. கூட இருக்க வேண்டியவள் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று போய்விட்டாள். பதிலுக்கு வருகிறேன் என்றவள் வரவில்லை. காலையிலிருந்து நின்றது நின்றபடி. கொண்டுபோன தயிர்சாதம் டப்பாவிலேயே புளித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் காய்ச்சலோடு ஓர் அம்மா படுத்திருந்தாள். எங்களுக்கு அடுத்த ஊர்க்காரி. அவள் புருஷன் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, துண்டால் அவளுக்கும் தனக்கும் மாறி மாறி விசிறிக்கொண்டிருந்தார். விவசாயி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அந்த அம்மாவுக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் தீரப்போகிறது என்று அடுத்த பாட்டிலை எடுக்க என் மேசைக்கு வந்தேன். காதுக்குள் ஓர் இரைச்சல். நாற்காலியைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

தரையில் விழுந்து மண்டை உடைந்திருந்தால்கூடத் தேவலை. ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். என் நேரம், பாந்தமாக நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடித்து மேசையில் வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டெஸ்க்கில் தூங்குமே, அந்த மாதிரி.

அண்ணாதான் முதலில் பார்த்தவர். கூப்பிட்டிருக்கிறார், உலுக்கியிருக்கிறார், தண்ணீர் தெளித்திருக்கிறார். நான் அசையவில்லை. அதற்குள் பாட்டில் தீர்ந்து, அவர் மனைவியின் கையிலிருந்து ரத்தம் குழாயில் ஏற ஆரம்பித்துவிட்டது. மனிதர் பதறிப்போய் வராந்தாவுக்கு ஓடியிருக்கிறார். அங்கே ஆஸ்பத்திரி சூப்பிரண்டு டாக்டர் வந்துகொண்டிருந்தார்.

"சார், சார், சிஸ்டர் மயங்கிட்டாங்க சார்! பாட்டல் தீந்து ரத்தம் ஏறுதுங்க, ஓடியாங்க!"

சூப்பிரண்டு தெற்கு ஜில்லாக்காரர். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிது. அவருக்கு அவர் பாஷை என்ன சொன்னதோ அதைத்தான் அவர் கேட்டார். நர்ஸ் கண் அயர்ந்துவிட்டாள், நோயாளியின் ரத்தம் குழாயில் ஏறுகிறது. அவர் வார்டுக்குள் வந்தபோது, அண்ணா தெளித்த தண்ணீரில் எனக்கு நினைவு திரும்பி, தலையைத் தூக்கியிருந்தேன். முகமெல்லாம் ஈரம். கண் சிவந்து, முடி கலைந்து இருக்கிறேன். தூங்கி எழுந்து முகம் கழுவினவள் வேறு எப்படி இருப்பாள்?

"சிஸ்டர் மயங்ஙிப் போயோ?" என்றார்.

மயக்கம் தெளிந்து வருகிறவள் எந்த பாஷையில் வருவாள்? அவ்வளவு வருஷம் பேசின மலையாளம் எங்கேயோ பின்னால் கிடந்தது. என் அம்மா பேசின பாஷைதான் முதலில் வந்து நின்றது. "ஆமாங் சார், மயங்கிட்டேன். ஸாரி சார்," என்றேன்.

கெட்டுது குடி. போதாக்குறைக்கு ஸாரி வேறு.

அவர் அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போய்க் குழாயை மூடினார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நானே எழுந்துபோய் ஊசியை எடுத்து, வேறு கையில் போட்டு, புது பாட்டிலை மாட்டினேன். அப்புறம் சாயங்காலம் ட்யூட்டி முடிகிறவரை நின்றேன். எனக்கு யாரும் பி.பி. பார்க்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மிஷின் இருந்தும் நானும் பார்த்துக்கொள்ளவில்லை. எங்களுக்கு அது ஒரு பழக்கம். சொந்த நோவை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் படுவோம். அன்றைக்கு ஒரு தடவை அந்த மிஷினைக் கையில் சுற்றி ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தால், இதை எழுத வேண்டிய வேலையே எனக்கு இருந்திருக்காது.

சில நாள் கழித்து மெமோ வந்தது. ட்யூட்டி நேரத்தில் உச்சமயக்கத்தில் ஆழ்ந்திருந்தேனாம், நோயாளியின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினேனாம். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்புள்ள, ஊட்டுல ஒரு நாளாச்சும் நீ மத்தியானம் தூங்கி நான் பாத்ததில்ல. கவருமெண்டுலயாச்சும் தூங்கினயா, இல்லையா?"

"தூங்கலீங்க. மயங்கி உழுந்தேன்."

"அதத்தானே அவீகளும் எழுதியிருக்கறாங்க," என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

சூப்பிரண்டிடம் போய் விளக்கினேன், இந்தமுறை சுத்தமான மலையாளத்தில். எங்கள் தமிழில் மயக்கம் என்றால் தூக்கம் அல்ல, போதம் கெடுவது என்றேன். பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. "நிங்ஙள் தன்னெ சம்மதிச்சதல்லே, சிஸ்டர்?" என்றார். நீங்களே ஒப்புக்கொண்டதுதானே என்று அர்த்தம். கண்ணால் பார்த்த ஆளும் அதே வார்த்தையைச் சொன்னான், செய்த ஆளும் அதே வார்த்தையைச் சொன்னாள், இனி நானாக அதை மாற்றி எழுத முடியாது, கமிட்டியில் சாட்சியோடு சொல்லுங்கள், அவர்கள் தீர்மானிக்கட்டும் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றலாகிவிட்டது. மெமோ மட்டும் மாற்றலாகவில்லை.

நோயாளிக்கு ஆபத்து என்று எழுதிவிட்டதால், விஷயம் ஆஸ்பத்திரியோடு முடியாது. அதற்கென்று ஒரு பழைய விதி இருந்தது. எந்தக் காலத்தில் எழுதினது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கம்பவுண்டர், வார்டு ஆயா, மேட்ரன் என்று, இப்போது ஆஸ்பத்திரியில் இல்லாத ஆட்களாகப் பார்த்து அதில் எழுதி வைத்திருந்தார்கள். விசாரிக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி. அதில் ஒருவர் மேட்ரனாக இருக்க வேண்டும். மூன்று பேரும் முழுசாக உட்கார்ந்தால்தான் சாட்சியை விசாரிக்கலாம். தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் மேலே ஒரு ட்ரிப்யூனல் உண்டு என்று அதே விதி சொன்னது. அந்த ட்ரிப்யூனலில் உட்கார ஆள் போட்டே வெகுகாலம் ஆகிறது என்று யூனியன்காரர் ஒருவர் சொன்னார்.

மேட்ரன் என்ற உத்தியோகமே இப்போது கிடையாது. அந்த வேலையைப் பார்க்கிறவர்களுக்கு நர்சிங் சூப்பிரண்டு என்று பேர். பேர் மாறினவர் மேட்ரன் ஆவாரா, ஆகமாட்டாரா? இதைத் தீர்க்க மேலே எழுதிப்போட்டார்கள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு நோட்டீஸ் வரும், பாலக்காட்டு ஜில்லா ஆபீஸுக்குப் போவேன், கமிட்டி முழுசாக இல்லை என்று திரும்பி வருவேன். நான் தூங்கினேனா இல்லையா என்று கேட்க ஆளில்லை. மேட்ரன் யார் என்று கேட்கத்தான் ஆளிருந்தது.

பெரிய தண்டனை ஒன்றும் வராது, ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். தண்டனைக்கா நான் பயந்தேன்? என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கோபக்காரி, வாய் நீளம், டாக்டரையே எதிர்த்துப் பேசுகிறவள். எல்லாம் உண்மை. ஆனால் நோயாளியைப் போட்டுவிட்டுத் தூங்கினவள் என்று சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. இவள் தூங்கவில்லை என்று ஒரே ஒரு வரி. வேலையை விட்டு இறங்குவதற்குள் அந்த ஒரு வரியை யாராவது எழுதிவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஏனென்றால் அதற்குள் பேர் பரவிவிட்டது. உச்சமயக்கம் சிஸ்டர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். நான் மருந்து அறைக்குள் போகும்போது பேச்சு நின்றுவிடும். ஒருநாள் ஒரு நோயாளியின் மகள் வந்து, "ராத்திரிக்கு இருக்கப்போறது அந்தத் தூங்கற சிஸ்டரா?" என்று என்னிடமே கேட்டாள். நான்தான் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இல்லை, வேற சிஸ்டர் என்றேன்.

அன்றிலிருந்து ட்யூட்டியில் உட்காருவதை விட்டுவிட்டேன். சார்ட் எழுதுவதும் நின்றபடி, மாத்திரை எண்ணுவதும் நின்றபடி. நாற்காலியைச் சுவரோரம் தள்ளி அதன்மேல் டவலை அடுக்கிவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்து கிடக்கும். வீட்டுக்காரர் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைப்பார். "உக்காந்தா கொன்னா போடுவாங்க?" என்று திட்டுவார். சொன்னால் புரியாது. புரிய வைக்கிற தெம்பும் எனக்கு அப்போது இல்லை.

சில நேரம் பீர்மேட்டை நினைத்துக்கொள்வேன். சர்வீஸில் சேர்ந்த புதிதில் அங்கேதான் இருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து பெண்கள் வருவார்கள். திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களுக்கு மயக்கம் என்று வாயில் வராது. "கெறக்கமா வருது சிஸ்டர்" என்பார்கள். டாக்டர் மலையாளிதான், ஆனால் உடனே புரிந்துகொள்வார். தலைசுற்றலுக்கு மலையாளத்தில் தலகறக்கம். கெறக்கமும் கறக்கமும் அண்ணன் தம்பி மாதிரி. நான் அந்தப் பக்கத்தில் பிறந்திருந்தால், அன்றைக்கு "கெறங்கிட்டேன் சார்" என்று சொல்லியிருப்பேன், பிழைத்திருப்பேன். இந்தப் பக்கத்தில் பிறந்து தொலைத்தேன்.

மெமோ விஷயம் அண்ணாவின் காதுக்குப் போக வெகுநாள் ஆயிற்று. யார் சொன்னார்களோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை இளநீர்க் குலையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஏனுங் சிஸ்டர், நாஞ் சொன்னதாலதானுங்களா இத்தன வம்பும்?"

"உங்க மேல என்னங்கண்ணா தப்பு? வார்த்தை அப்புடி மாறிப்போச்சு."

"நீங்க ஒருத்தரே கெடந்து லோல்படறீங்க, ஒத்தாசைக்கு இன்னொரு ஆள விடுங்கன்னு கேக்கத்தானுங்க வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அந்த டாக்டரு மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டாருங்க." குலையைத் திண்ணையில் இறக்கி வைத்தார். "நல்லது பண்ணப் போயி உங்க தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டேனுங்க."

"அட விடுங்கண்ணா."

"விட முடியாதுங்க. கமிட்டியோ கிமிட்டியோ, எங்க வரச் சொல்றாங்களோ அங்க நான் வந்து சொல்றேனுங்க. என்ற ஊட்டுக்காரிய நீங்க பாத்த மாதர அவ அம்மாகூடப் பாத்திருக்கமாட்டாங்க."

சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, தோளில் துண்டு. அதற்கப்புறம் நோட்டீஸ் வந்தபோதெல்லாம் வந்தார். கமிட்டி முழுசாக இல்லை என்று திரும்பும்போதெல்லாம், எனக்கு முன்னால் அவர்தான் கோபப்பட்டார். "ஒரு மேட்ரன் புடிக்க முடியலீங்களா இந்த கவருமெண்டால?" என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கத்துவார். அவர் கத்துவதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நான் கத்துகிற கட்டத்தைத் தாண்டியிருந்தேன்.

கடைசியில் மேலிருந்து பதில் வந்தது. நர்சிங் சூப்பிரண்டை மேட்ரனாகக் கொள்ளலாம். கமிட்டி முழுசாக உட்காரப்போகிறது, சாட்சியை அழைத்து வரவும் என்று நோட்டீஸ் வந்தது. நான் ரிட்டயர் ஆகக் கொஞ்ச மாதமே இருந்தது. அன்றைக்கு ராத்திரி வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

அண்ணாவுக்கு மலையாளம் சந்தையில் தேங்காய் விற்கப் போதுமான அளவு வரும். படித்ததெல்லாம் தமிழ்ப் பள்ளிக்கூடம். மறுபடியும் வார்த்தை காலை வாரக்கூடாதே என்று, ஒரு வாக்கியத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பஸ்ஸில் எங்கள் பக்கத்துச் சித்தூர் தாண்டினதும் ஒப்பிக்கச் சொன்னேன்.

"சிஸ்டர் போதம் கெட்டு வீணதாணு. ஒறங்ஙியதல்லா."

"அருமையாச் சொல்றீங்க. இன்னொருக்காச் சொல்லுங்கண்ணா."

அவர் தயங்கினார். முன்சீட்டுக்காரருக்குக் கேட்காமல் குனிந்து சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங் சிஸ்டர். போதம் கெட்டுன்னா, கள்ளுக்கடையில இருந்து தூக்கியாந்த மாதர இருக்குதுங்க. பொம்பளையாளு, உங்களப் பத்தி நான் எப்புடீங்க அப்புடிச் சொல்லுவேன்?"

"அது போதை இல்லீங்கண்ணா, போதம். நெனவு தப்பறது."

"அப்புறம் அதென்னங்க, வீணதாணு? நீங்க உழுந்தது வீணாங்க?"

"விழுந்ததுதான்னு அர்த்தமுங்க."

"என்ன பாஷையோ போங்க," என்றார். ஆனால் விடவில்லை. பாலக்காடு வருகிறவரை கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆபீஸில் கமிட்டி அறை பூட்டியிருந்தது. செக்‌ஷனில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி கிளார்க். நல்ல பிள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "சேச்சி அறிஞ்ஞில்லே? ஆ ரூல் தன்னெ ரத்தாயி!" என்றாள்.

ரத்து. எல்லா வார்த்தையும் எனக்குக் குழி பறித்தது. இந்த ஒரு வார்த்தை மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றாகவே இருந்து தொலைத்தது. அண்ணாவுக்குக்கூட மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

காலத்துக்கு ஒவ்வாத பழைய விதிகளையெல்லாம் பொறுக்கி எடுத்து மொத்தமாக நீக்கியிருக்கிறார்களாம். அதில் எங்கள் விதியும் ஒன்று. இனி அந்தக் கமிட்டியும் இல்லை, ட்ரிப்யூனலும் இல்லை. முடியாமல் கிடந்த விசாரணைகள் எல்லாம் அப்படியே கைவிடப்படும். உத்தரவு வந்து சில நாள்தான் ஆகிறது, உங்களுக்குத் தகவல் அனுப்புவதற்குள் நீங்களே வந்துவிட்டீர்கள் என்றாள். "ரட்சப்பெட்டல்லோ சேச்சி!" தப்பித்துவிட்டீர்களே என்று சந்தோஷப்பட்டாள்.

தப்பித்துவிட்டேனாம். தப்பு செய்தவள்தானே தப்பிக்க வேண்டும்?

அப்படியானால் நான் தூங்கவில்லை என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அவளுக்கு விளங்கவில்லை. விசாரணையே இல்லை என்றால் குற்றமும் இல்லை சேச்சி என்றாள். சரி, குற்றம் இல்லை என்றாவது எழுதித் தா என்றேன். விசாரிக்காமல் எப்படி எழுதுவது என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. நான் அந்த விதியைக் காப்பாற்றச் சொல்லவில்லை. மேட்ரனைத் தேடிக்கொண்டு திரிந்த விதியை யார் காப்பாற்றுவார்கள்? ஒழியட்டும். ஆனால் ஒரே ஒரு மணி நேரம் கழித்து ஒழிந்திருக்கக்கூடாதா? சாட்சி தயாராக வந்து நிற்கிறாரே, அவர் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னபிறகு ஒழிந்திருக்கக்கூடாதா?

அண்ணா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் மேசைக்கு முன்னால் போய் நேராக நின்றார். தொண்டையைச் செருமினார்.

"சிஸ்டர் போதம் கெட்டு வீணதாணு. ஒறங்ஙியதல்லா."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் திகைத்துப்போய், "செரி சேட்டா, மனசிலாயி," என்றாள். புரிந்ததாம்.

"அப்ப எழுதிக்குங்க," என்றார்.

"எழுதான் இடமில்லல்லோ சேட்டா." எழுத இடம் இல்லை. அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. மெய்யாகவே வருத்தமாகத்தான் சொன்னாள்.

அவருக்கு அது எட்டவில்லையோ, அல்லது எட்டினதாலோ, இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, அதே வாக்கியத்தைச் சொன்னார். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கே நின்றுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் நிறுத்தம் வரும்போது கேட்டார், "நான் சரியாச் சொன்னேனுங்களா சிஸ்டர்?"

"ஒரு எழுத்துப் பிசகலீங்கண்ணா," என்றேன்.

சில மாதம் கழித்து ரிட்டயர் ஆனேன். ஆஸ்பத்திரியில் டீ வைத்தார்கள். பழம்பொரி, சிப்ஸ், ஒரு சேலை. நல்ல மனசோடுதான் செய்தார்கள். பாதிப் பேர் புதிது, பழைய கதையே தெரியாது. அதில் ஒருத்தி மைக்கைப் பிடித்து, "இனி சேச்சிக்கு வீட்டில் சுகமாயிட்டு உச்சமயக்கம் ஆவாமல்லோ," என்றாள். இனி வீட்டில் சுகமாக மத்தியானத் தூக்கம் போடலாமே என்று, ரிட்டயர் ஆகிறவர்களிடம் எல்லோரும் சொல்கிற சாதாரண வேடிக்கை. பழைய ஆட்கள் இரண்டு பேர் சட்டென்று தலையைக் குனிந்தார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து, சேலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார எனக்கு ரொம்ப நாள் வரவில்லை. காய் நறுக்குவதும் நின்றபடிதான். மத்தியானத்தில் கட்டிலில் சாய்ந்தால் யாரோ வாசலில் நின்று பார்ப்பது மாதிரி இருக்கும், எழுந்துவிடுவேன்.

போன பங்குனியில், சமையலறையில், அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பும்போது மறுபடியும் காதில் அந்த இரைச்சல். இந்த முறை பிடிக்க நாற்காலி இல்லை. நன்றாகவே தரையில் விழுந்திருக்கிறேன், முழங்கை சிராய்த்து.

நினைவு வரும்போது கண்ணுக்கு முன் என் வீட்டுக்காரருடைய முகம் தெரிந்தது. ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் போன். பக்கத்துத் தோட்டத்துத் தம்பியிடம் கத்திக்கொண்டிருந்தார். "மயங்கி உழுந்துட்டாடா, வண்டிய எடுத்துட்டு சுருக்கா வா! ஆமா, மயங்கிட்டா!"

"இல்லீங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்த வார்த்தையை அவர் போனில் சொல்லக்கூடாது, யாரும் எழுதிக்கொண்டுவிடக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு ஓடியது. "மயங்ஙியில்லா. போதம் கெட்டு வீணதாணு. உறங்ஙியதல்லா."

சொம்புத் தண்ணீர் என் கழுத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏம்புள்ள," என்றார், "என்ற கிட்ட எதுக்கு மலையாளத்துல பேசறே?"